டெக்சாஸில் ஒரு ட்ரெய்லருக்குள் பத்து நிமிடம்

வேலை இல்லாமல் நான் எந்த ஊருக்கும் போனதில்லை. கல்யாணமான புதிதில் சரசுவை ஊட்டிக்கு அழைத்துப் போனேன். பஸ் ஸ்டாண்டில் எங்கள் பட்டறையில் பாடி கட்டிய பஸ் ஒன்று நின்றது. பின்படிக்கட்டுக்குக் கீழே தகடு பிரிந்திருந்தது. என்னவென்று பார்க்கக் குனிந்தவன் நிமிர்ந்தபோது அரைமணி நேரம் ஓடியிருந்தது. சரசு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கிய கேரட் முழுவதையும் தனியாகத் தின்று முடித்திருந்தாள். "இவரு பஸ்ஸப் பாக்க வந்தாருங்க, நான் சும்மா கூட வந்தேன்" என்று முப்பது வருஷம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டினாள்.

அப்படிப்பட்டவன் 2006 ஏப்ரலில் அமெரிக்காவுக்குப் போனேன் என்றால், அங்கே வேலை இருந்தது என்று அர்த்தம். தம்பி செல்வராஜுக்கு ஒரு ட்ரெய்லர் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

நான் கரூர்க்காரன். நானும் காதர் பாயும் கூட்டாக முப்பத்தொரு வருஷமாகப் பஸ் பாடி கட்டுகிறோம். பட்டறையில் கடைசிச் சோதனை என்னுடையது. பாடி முடிந்ததும் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, கண்ணாடிகளைத் தார்ப்பாயால் மூடி, பட்டப்பகலில் உள்ளே தனியாகப் போய் உட்காருவேன். பத்து நிமிடத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். அப்போது எங்கெல்லாம் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிகிறதோ, அங்கெல்லாம் ஐப்பசி மழையில் யாரோ ஒருவர் தலையில் தண்ணீர் சொட்டும். சாக்பீஸால் வட்டம் போடுவேன். ஒரு புள்ளியும் இல்லையென்றால் வெளியே வந்து, பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவேன். வண்டி போகலாம். ஒழுகுகிற பாடியை நல்லது என்று நான் சொன்னதில்லை. நல்ல பாடியை ஒழுகுகிறது என்றும் சொன்னதில்லை. முதலாளிமார் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், திரும்பியும் வந்திருக்கிறார்கள்.

சரசு இறந்துபோன ஆவணியிலிருந்து நான் பட்டறைக்குப் போகவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடக்கிற தூரம்தான். தினமும் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வருவேன். வேலைக்குப் போவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு மணிக்குத் திரும்பி வருவதுதான் முடியவில்லை. அதனால் போகாமலேயே இருந்தேன்.

செல்வா ஒன்பது வருஷமாகக் கூப்பிடுகிறான். "அங்க வந்து நான் என்னடா பண்ணட்டும்?" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். இந்த முறை போனில் வேறு மாதிரி பேசினான்.

"அண்ணா, நானும் ஒரு ஃப்ரெண்டும் பைக் வாங்கியிருக்கோமுங்க. ரெண்டையும் உள்ள ஏத்தி இழுத்துட்டுப் போறதுக்கு மூடின ட்ரெய்லர் ஒண்ணு வேணும். இங்க நூறு வெரைட்டி இருக்குதுங்ண்ணா. எது ஒழுகும், எது ஒழுகாதுன்னு எனக்கென்ன தெரியும்? நீங்க வந்து பாத்துக் குடுங்க."

காதர் பாயும் "போய்ட்டு வாங்க பங்காளி, இது சின்ன வேலை இல்ல" என்றார். சட்டைப் பையில் நான்கு சாக்பீஸ் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஹூஸ்டனில் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃப்ரீவேயில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் எதையாவது இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதுதான். ஒருவர் படகை இழுக்கிறார். ஒருவர் புல்வெட்டும் இயந்திரத்தை. ஒரு வண்டியில் குதிரை. கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு அறுபது மைல் வேகத்தில் வேடிக்கை பார்க்கிறது. எல்லா வண்டிக்கும் பின்னால் இழுவைக் கொக்கி இருந்தது. தம்பியின் காருக்கு மட்டும் இல்லை.

"கொக்கி எங்கடா?"

"மாட்டணுமுங்ண்ணா. ட்ரெய்லர் சைஸ் தெரிஞ்சதுக்கு அப்புறம் மாட்டிக்கலாம்னு இருக்கேன்."

நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். "பைக்கைக் காட்டு" என்றால், அது ஆஸ்டினில் நண்பர் வீட்டு கராஜில் நிற்கிறது என்றான். நீளம், அகலம், உயரம் எல்லாம் அச்சடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தான். வண்டியின் அடிச்சட்டமான சேஸைப் பார்க்காமல் பாடிக்கு அளவு எடுக்கிற முதல் ஆள் நான்தான் என்று சிரித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு வீடு காலியானது. செல்வா எண்ணெய்க் கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் மனைவி கவிதா ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். மகள் மதுவுக்குப் பதினான்கு வயது. நாம் தமிழில் கேட்டால், இங்கிலீஷில் பதில் சொல்வாள். "மாமா, சாதம் குக்கர்ல இருக்குதுங்க, ரசத்த மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிஷம் வெச்சா போதும்" என்று கவிதா மூன்று முறை செய்து காட்டிவிட்டுப் போனாள்.

வெளியே வந்து நின்றேன். தெருவில் வீடுகள் இருக்கின்றன, மரங்கள் இருக்கின்றன, ஆள் இல்லை. கதவுகள் எல்லாம் கார்கள் வெளியே போவதற்குத் திறந்து, பிறகு தாமாக மூடிக்கொள்கின்றன. அரைமணி நேரம் நடந்தும் ஒரு மனிதர் முகம் தெரியவில்லை. கரூரில் இதற்குள் ஏழு பேர் நிறுத்தி, எங்கே இந்தப் பக்கம் என்று விசாரித்திருப்பார்கள். அதற்குப் பயந்துதான் எட்டு மாதமாக நான் வெளியே போகவில்லை. இங்கே கேட்க ஆளில்லாதபோது, யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தது. பஸ் ஸ்டாப் எங்கே என்று தேடினேன். அந்தப் பக்கத்தில் பஸ்ஸே கிடையாது என்று பிறகு மது சொன்னாள். பஸ் கட்டிப் பிழைத்தவன் பஸ் இல்லாத ஊரில் வந்து மாட்டிக்கொண்டேன்.

சரியாக ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"சாப்டீங்களாண்ணா?"

"இனிமேதான்."

"தட்டுல போட்டுட்டு வாங்க, நான் லைன்ல இருக்கேன்."

அவனும் ஆபீசில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிட்டான். டெக்சாஸ் வெயிலைப் பற்றி ஏதோ பேசினோம். மறுநாளும் ஒரு மணிக்கு அடித்தது. அதற்கு மறுநாளும் அடித்தது. அமெரிக்காவில் சாப்பாட்டு நேரம் சட்டப்படி ஒரு மணி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் இல்லை என்றேன். ஒன்று இருந்தது. காலை ஏழரைக்கு மதுவை ஏற்றிப்போக மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் வரும். நெற்றி முதல் வால் வரை வரிசையாக ரிவெட் ஆணிகள். இத்தனை நெருக்கமாக அடித்த பஸ்ஸை நான் பார்த்ததே இல்லை. மூன்றாம் நாள் கிட்டே போய்த் தடவிப் பார்த்துவிட்டேன்.

"பெரியப்பா, ப்ளீஸ், டோன்ட் டச் த பஸ்!" என்று மது பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

ஓட்டுநர் ஒரு கறுப்பினப் பெண்மணி, அகலமான உடம்பு, அதைவிட அகலமான சிரிப்பு. ஜன்னலைத் திறந்து, தினமும் என் பஸ்ஸையே பார்க்கிறீர்களே, ஏதாவது கழன்று தொங்குகிறதா என்று கேட்டார். எனக்கு ஆங்கிலம் கேட்டால் புரியும், பேசத்தான் வராது. "ஐ மேக் பஸ். இந்தியா" என்றேன். அவர் கைகொட்டிச் சிரித்தார். இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன், பஸ் கட்டுகிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். மறுநாளிலிருந்து என்னைப் பார்த்தால் சின்னதாக ஒரு ஹாரன் கொடுப்பார். பகல் முழுவதும் எனக்குக் கிடைத்த பேச்சு, அந்த ஹாரனும் ஒரு மணிப் போனும்தான்.

சனிக்கிழமை ட்ரெய்லர் பார்க்கக் கிளம்பினோம். முதலில் இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்க்ராஃப்ட் தெருவில் மளிகை வாங்கிக்கொண்டு, ஒரு கடையில் தோசை சாப்பிட்டோம். தோசை மேசையின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது, சாம்பாரில் சர்க்கரை. வழி அச்சடித்த காகிதம் என் மடியில் இருந்தது. ஃப்ரீவேயிலிருந்து இறங்க வேண்டிய எக்ஸிட் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. நான் எதிர்ப்பக்கம் போன ஒரு மாட்டு ட்ரெய்லரின் அச்சைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எக்ஸிட் போய்விட்டது. திரும்பி வர பதினோரு மைல். செல்வா முகம் சுளிக்காமல் வண்டியைத் திருப்பினான். சின்ன வயதிலேயே அவன் அப்படித்தான்.

சுற்றிய வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றோம். உள்ளே பெரிய பாத்திரத்தில் வேகவைத்த வேர்க்கடலை, தோலோடு, உப்புத்தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. காகிதக் கோப்பையில் வாங்கி, காரின் பானெட்டில் சாய்ந்து இருவரும் உரித்துத் தின்றோம். சரசுவுக்கு வேகவைத்த கடலை என்றால் உயிர். சொல்ல வாயெடுத்தவன், இன்னொரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். செல்வா தோலைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

முதல் கடையில் என் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பைக்கைக் கட்டுகிற இரும்பு வளையங்களை வெறும் பலகைத் தரையில் திருகியிருந்தார்கள். "இது கீழ இருக்கிற இரும்புக் குறுக்குச் சட்டத்தப் புடிக்கணும்டா. சடன் பிரேக் போட்டா வளையம் பலகையோட பிச்சுக்கும், பைக் உன் முதுகுக்கு வந்துரும்." அங்கேயே இன்னொன்றில், பைக் ஏறுவதற்குத் தரையில் சாய்க்கிற பின்கதவு ரொம்பச் செங்குத்து; மேலே ஏறும்போது பைக்கின் அடிவயிறு விளிம்பில் இடிக்கும். செல்வா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். முகத்தை அவ்வளவு கவனமாக வைத்துக்கொண்டு அவன் எழுதியதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு ஒருவன் என்னிடம் வேலை கேட்கிறான்.

இரண்டாவது கடையில் ஒன்று பார்வைக்கு நன்றாக இருந்தது. "நான் உள்ள உக்காருறேன். ரெண்டு கதவையும் வெளிய சாத்திட்டு, பத்து நிமிஷம் கழிச்சுத் தெற" என்று சொல்லி உள்ளே போனேன். பத்து நிமிடத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. கூரையும் சுவரும் சேருகிற மூலையில் இரண்டு, சக்கரத்துக்கு மேலே ஒன்று. வட்டம் போட்டேன். கதவைத் திறந்த கடைக்காரர் புத்தம் புது ட்ரெய்லருக்குள் மூன்று சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்ததும் முகம் சிவந்துபோனார். செல்வா கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்தான். காரில் ஏறியதும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த வாரம் முழுவதும் வீட்டில் அதே பேச்சு. கவிதா கேட்டுக் கேட்டுச் சிரித்தாள், மதுகூடச் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமைதான் மூன்றாவது கடை. மறுநாள் எனக்கு விமானம். ஊருக்கு வெளியே, புல்வெளியின் ஓரம், இருபது முப்பது ட்ரெய்லர்கள் வெயிலில் நின்றன. கடைக்காரர் ஒல்லியான ஆள், சிவப்பு நாடாப் பட்டையால் கால்சட்டையைத் தோளோடு மாட்டியிருந்தார். வாடிக்கையாளர்கள் வேறு யாரும் இல்லை.

பதினான்கடி நீளம், வெள்ளை நிறம். நான் அடியில் படுத்துப் பார்த்தேன். சட்டங்கள் நெருக்கமாக இருந்தன. வளையங்கள் இரும்பைப் பிடித்திருந்தன. கூரை ஒரே தகடு, நடுவில் ஒட்டே இல்லை. பின்கதவைத் தரையோடு சாய்த்தால் குழந்தைகூடப் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஏறலாம். என் கை தானாகத் தகட்டைத் தடவியது. நல்ல வேலையைப் பார்த்தால் எனக்கு அப்படி ஆகும்.

"சாத்துடா."

பின்கதவு ஏறி மூடியது. குறுக்குக் கம்பி விழுந்தது. பக்கக் கதவும் மூடியது. நான் புதுப் பலகை வாசனைக்கு நடுவில் சக்கர மேட்டின் மேல் உட்கார்ந்தேன்.

தகடு மெல்லியது, வெளியே பேசுவதெல்லாம் கேட்டது. கடைக்காரர் வந்து, உங்கள் ஆள் உள்ளே என்ன செய்கிறார் என்றார். செல்வா வெளிச்சம் பார்ப்பதைப் பற்றி விளக்கினான். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தியும் கேட்டது.

"உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாங்கப்போவதில்லை. எங்களிடம் மோட்டார் சைக்கிளே கிடையாது. உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்க வேண்டும்."

செல்வாவே தொடர்ந்தான்.

"உள்ளே இருப்பவர் என் அண்ணன். அண்ணி இறந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, மதியம் சாப்பிடுவதே இல்லை என்று அவருடைய பார்ட்னர் போன் செய்தார். வேலை என்று சொல்லாமல் அவர் எங்கேயும் வரமாட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை."

எனக்கு முதலில் வந்தது கோபம். தகட்டில் ஓங்கி அடிக்கக் கையைத் தூக்கிவிட்டேன். கொக்கி இல்லாத கார், ஆஸ்டினில் நிற்கிற பைக், அந்தக் காகிதம், அந்த நோட்டு. இவனும் காதர் பாயும் சேர்ந்து என்னைச் சின்னப்பிள்ளை மாதிரி ஏமாற்றியிருக்கிறார்கள். என்னிடம் வேலை கேட்க இந்த உலகத்தில் யாருமில்லை. நான் பார்த்துக் கொடுக்க ஒரு ட்ரெய்லரும் இல்லை.

அப்புறம் ஒரு மணிப் போன் ஞாபகம் வந்தது.

தூக்கிய கை தானாக இறங்கியது. வெளியே கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும். அவசரமில்லை."

இருட்டில் அழுதேன். சரசு போனபோது அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை, காரியத்திலும் இல்லை. பஸ்ஸைப் பார்க்க வந்தவரோடு சும்மா கூட வந்தவள், ஊட்டி பெஞ்சில் தனியாகக் கேரட் தின்றவள், இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வாள் என்று நினைத்தேன். தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். கண் நன்றாக இருட்டுக்குப் பழகியபின் சுற்றிலும் பார்த்தேன். கூரை, மூலை, கதவு விளிம்பு, சக்கர மேடு. ஒரு புள்ளி வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை.

கதவு திறந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கினேன். உள்ளே நல்ல புழுக்கம். வேர்வை என்று நினைத்திருப்பான்.

"எப்படிங்ண்ணா?" என்றான். கடைக்காரரும் நிஜமாகவே ஒரு பெரிய வியாபாரத்துக்குக் காத்திருப்பவர் மாதிரி, என் ட்ரெய்லரில் குறை ஏதாவது உண்டா என்று மரியாதையாகக் கேட்டார்.

"ரோசன பண்ணிச் சொல்றேன்" என்றேன். அவர் என் கையைத் தம் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார், தேவைக்குமேல் கொஞ்ச நேரம். போகிறபோது பழக்கதோஷத்தில் என் கை பக்கவாட்டுத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டது. செல்வா கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். பார்த்தானா என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை கவிதா எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள். "பெரியப்பா, பஸ் டிரைவர் ஆஸ்க் பண்ணாங்க, ஆர் யூ கோயிங்னு" என்றாள் மது. முழுசாக இல்லாவிட்டாலும் அதில் பாதி தமிழ்.

விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். நிறுத்துமிடத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு செல்வா கேட்டான்.

"அந்த மூணாவது ட்ரெய்லர் என்னங்ண்ணா? வாங்கிரலாமுங்களா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் முடி நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியாது.

"வேண்டாம்டா. முன்பக்க மூலைல வெளிச்சம் வருது."

"வருதுங்களா?"

"ஊசிமுனை அளவுதான். இருந்தாலும் மழைல எறங்கும். அவசரப்பட்டு எதையும் வாங்கிப்புடாத. அடுத்த வருஷம் நான் வந்து வேற பாக்கறேன்."

முப்பத்தொரு வருஷத்தில் நல்ல பாடி ஒன்றை ஒழுகுகிறது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல்கூட மாறவில்லை.

செல்வா கீழே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சரிங்ண்ணா. நீங்க வர்றவரைக்கும் வாங்க மாட்டேன்" என்றான்.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். பின்னாலேயே வந்து, என் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.